கைநாட்டுக்கு மேலே இருக்கும் சொற்கள்

என் பெரியம்மாவுக்குத் தஞ்சாவூர்ப் பக்கத்தில் ஆறு மா நஞ்சை இருந்தது. மூன்று மா ஓர் ஏக்கர் என்பது அந்தப் பக்கத்துக் கணக்கு. ஆக, இரண்டு ஏக்கர். எண்பதுகளின் நடுவில் மகளுக்குப் பிரசவம் சிக்கலாகி, ஆஸ்பத்திரிச் செலவுக்கு எட்டாயிரம் ரூபாய் தேவைப்பட்டது. பக்கத்து ஊரில் வட்டிக்குக் கொடுத்து வாங்குகிற ஒருவரிடம் போனார். "ஒத்திக்கு எழுதிக் குடுத்துடுங்கக்கா, பணம் வந்ததும் திருப்பிக்கலாம்" என்றார் அவர். பத்திரம் எழுதினார்கள். பெரியம்மா கைநாட்டு வைத்தார்.

ஏழாவது வருஷம் எட்டாயிரத்தையும் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு மீட்கப் போனார். "அது ஒத்தி இல்லையே, சுத்தக் கிரயமில்ல?" என்று பதில் வந்தது. பத்திரத்தின் நகலை வாங்கி வந்து என்னிடம் நீட்டியபோது பெரியம்மா கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. "சுத்தம்னா நல்லதுதானே தம்பி? வில்லங்கம் இல்லைன்னு தானே அர்த்தம்?"

அந்தச் சொல்லுக்கு வேறு அர்த்தம் இருந்தது. நிபந்தனை ஏதும் இல்லாத, திரும்பப் பெற முடியாத முழு விற்பனைக்குத்தான் சுத்தக் கிரயம் என்று பெயர். ஒத்தி கொடுத்தாலும் நிலம் அடுத்தவர் கைக்குப் போய்விடும். கிரயம் கொடுத்தாலும் போய்விடும். இரண்டிலும் அவர்தான் உழுவார், அவர்தான் அறுப்பார். ஏழு சம்பா அறுவடை முடிகிற வரைக்கும் பார்ப்பவர் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். மீட்கப் போகிற நாளில்தான் சொல்லின் பொருள் தெரியும். அதற்குள் காலம் கடந்துவிடும்.

பழைய சட்டச் சொற்களைப் பற்றி எழுத உட்காரும்போதெல்லாம் எனக்கு அந்தப் பத்திரம்தான் நினைவுக்கு வருகிறது. இதை அகராதி ஆர்வலர்களின் பொழுதுபோக்கு என்று என்னால் நினைக்க முடியவில்லை. ஒரு சொல்லின் பொருள் தெரியாததால் ஒரு குடும்பம் இரண்டு ஏக்கரை இழந்தது.

ஒத்தி என்பதைப் பழைய எழுத்தில் ஒற்றி என்பார்கள். யாழ்ப்பாணத்தில் இன்றும் அப்படித்தான் எழுதுகிறார்கள். சுந்தரர் தம் ஓணகாந்தன்தளிப் பதிகத்தில், ஒற்றியூர் உமக்குச் சொந்தமில்லையே என்று சிவனிடம் உரிமையோடு கேட்கிறார். ஊரின் பெயரிலேயே ஒற்றி இருக்கிறதே என்பதுதான் அதன் உட்பொருள். எட்டாம் நூற்றாண்டுப் பாட்டைக் கேட்டவர்களுக்கு அதற்கு உரை தேவைப்பட்டிருக்காது. ஒற்றி வைத்தது உன்னுடையது, ஆனால் இப்போதைக்கு உன் கையில் இல்லை என்பது அவர்கள் வாழ்க்கையில் தெரிந்த சங்கதி.

இதையே வடமொழி வழியில் போக்கியம் என்றார்கள். போகம் என்றால் அனுபவம். நிலத்தின் பலனை வட்டிக்குப் பதிலாகக் கடன் கொடுத்தவர் அனுபவிப்பது போக்கியம். 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் அடமானங்களை வகைப்படுத்தியபோது 58-ஆம் பிரிவில் இதற்குத் தனி இடம் கொடுத்தது. போக்கியத்தில் சொத்து கைமாறினாலும் உரிமை மாறுவதில்லை. கடனைத் திருப்பினால் நிலத்தைத் திருப்பியே ஆக வேண்டும். மீட்கும் உரிமையே கிடையாது என்று பத்திரத்தில் எழுதிவைத்தாலும் அது செல்லாது.

அதே பிரிவில் இன்னொரு வகையும் இருக்கிறது: நிபந்தனையோடு கூடிய கிரயம். தோற்றத்தில் விற்பனை, குறித்த கெடுவுக்குள் பணம் கொடுத்தால் மறுகிரயம் எழுதித் தர வேண்டும் என்பது நிபந்தனை. 1929-இல் இந்தப் பிரிவைத் திருத்தினார்கள். மறுகிரய நிபந்தனை அதே பத்திரத்தில் எழுதப்பட்டிருந்தால்தான் அதை அடமானமாகக் கருத முடியும் என்று சேர்த்தார்கள். வாய்ப்பேச்சில் சொன்னதோ, தனிச் சீட்டில் எழுதிக்கொண்டதோ அதை அடமானமாக்காது. எழுத்தில் இருப்பதற்கு எதிராக வாய்ச்சொல்லைச் சாட்சியமாகக் கொண்டுவருவதும் சுலபமில்லை. கிரயம் என்பது பெயரளவுக்குத்தான், உண்மையில் கடன்தான் வாங்கினேன் என்று வாதிடலாம். நீதிமன்றங்கள் சில வழக்குகளில் அதைக் கேட்டும் இருக்கின்றன. ஆனால் அதை நிரூபிக்கிற சுமை கைநாட்டு வைத்தவர் தலையில்தான் விழும். பெரியம்மா வழக்குக்குப் போகவில்லை. வக்கீலுக்குக் கொடுக்கப் பணமும் இல்லை, "கோர்ட்டு வாசப்படி வேண்டாம்" என்ற பயமும் இருந்தது.

ஒத்தி என்ற இதே சொல் இன்று நகரத்திலும் ஆட்களைச் சிக்கவைக்கிறது. மதுரையில் ஒத்திக்கு வீடு, சென்னையில் போக்கியத்துக்கு வீடு. வாடகை கிடையாது, மூன்று லட்சமோ ஐந்து லட்சமோ மொத்தமாகக் கொடுத்துவிட்டுக் குடியிருப்பது, காலி செய்யும்போது பணத்தைத் திரும்ப வாங்கிக்கொள்வது. ஒரு முத்திரைத்தாளில் இரண்டு சாட்சிக் கையெழுத்தோடு பலருக்கும் விஷயம் முடிந்துவிடுகிறது. சொத்து மாற்றுச் சட்டத்தின் 59-ஆம் பிரிவு, நூறு ரூபாய்க்குக் குறையாத தொகைக்கான இத்தகைய அடமானத்தைப் பதிவு செய்தே ஆக வேண்டும் என்கிறது. ஒத்தி என்று வாய் நிறையச் சொல்லிவிட்டுப் பதிவு செய்யாமல் விட்டால், சட்டத்தின் முன் அது ஒத்தியாக நிற்காது. வீட்டுக்காரரின் வங்கிக் கடனுக்காக வீடு ஏலத்துக்கு வரும்போது, ஐந்து லட்சம் கொடுத்தவர் கையில் ஒரு சொல்லும் ஒரு தாளும் மட்டுமே மிஞ்சும்.

நம் முன்னோர் பத்திரம் எழுதிய விதத்தைப் பார்த்தால், சொல்லில் அவர்கள் காட்டிய கவனம் தெரியும். சோழர் காலத்து நில விற்பனைக் கல்வெட்டுகளில் பொருள்மாவறுதிப் பொருட்செலவோலை என்ற நீண்ட தொடர் திரும்பத் திரும்ப வரும். விலை முழுவதும் பைசல் ஆகிவிட்டது, பணம் செலுத்தியதற்கு இந்த ஓலையே அத்தாட்சி, இதைத் தவிர வேறு ஓலை காட்டச் சொல்லக் கூடாது என்பது அதன் கருத்து. பின்னாளில் யாராவது வந்து 'பாக்கிப் பணம் எங்கே' என்று கேட்டுவிடக் கூடாதே என்ற முன்யோசனை அது. விலைப்பணத்தை ஆவணக்களியில், அதாவது பத்திரம் முடிக்கும் பொது இடத்தில், கையில் வாங்கிக்கொண்டதாகவும் எழுதுவார்கள். எல்லை சொல்லும்போது மேல்நோக்கின மரம், கீழ்நோக்கின கிணறு, உடும்பு ஓடி ஆமை தவழும் இடம் என்று அடுக்குவார்கள். எழுதத் தெரியாத உழவனும் இந்தச் சொற்களைக் காதால் கேட்டு, தன் நிலத்தின் புற்றையும் ஓடையையும் மனக்கண்ணில் பார்த்துக்கொள்ள முடியும்.

பெரியபுராணத்தில் வரும் திருவெண்ணெய்நல்லூர் வழக்கை நம்மில் பலர் பக்திக் கதையாக மட்டும் படித்திருக்கிறோம். ஒரு வழக்குரைஞர் அதைப் படித்தால் வேறு விஷயங்கள் கண்ணில் படும். தமக்கு அடிமை என்று சொல்லி ஒரு கிழவேதியர் காட்டிய ஓலையைச் சுந்தரர் கிழித்துப் போடுகிறார். கிழித்தது படியோலைதான், மூலவோலை பத்திரமாக இருக்கிறது என்கிறார் கிழவர். சபையார் அவரிடம் மூன்று சான்றுகளில் ஒன்றைக் காட்டச் சொல்கிறார்கள்: ஆட்சி, ஆவணம், அயலார் காட்சி. வழக்கமாக அனுபவித்து வந்ததா, எழுத்து இருக்கிறதா, பார்த்தவர் உண்டா? பிறகு ஓலையை எழுதிக்கொடுத்த சுந்தரரின் பாட்டனாரின் கையெழுத்தைப் பழைய ஓலையோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். இன்றைய சிவில் வழக்கில் அனுபோகம், தஸ்தாவேஜு, சாட்சி என்று நாம் சொல்கிற மூன்றும் இவைதாம். பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் இதை எழுதியபோது, கேட்பவர்களுக்கு வழக்கு நடைமுறை புரியும் என்ற நம்பிக்கையோடுதான் எழுதியிருக்கிறார்.

அந்த நம்பிக்கை எப்போது உடைந்தது? ஆற்காட்டு நவாபின் ஆட்சியும் தஞ்சையில் மராத்தியர் ஆட்சியும் வந்தபோது, வரி வசூலும் வழக்கும் பாரசீக, அரபு, மராத்திச் சொற்களில் நடக்கத் தொடங்கின. கிஸ்தி, ஜப்தி, ஜாமீன், அமீனா, வக்காலத்து, வாய்தா, ராஜிநாமா, தாசில்தார், தாக்கீது என்று அன்று வந்தவை இன்றும் நம்மோடு இருக்கின்றன. இவற்றை வெறும் அந்நியச் சொற்கள் என்று ஒதுக்கிவிட எனக்கு மனமில்லை. ஒவ்வொன்றும் நம் மண்ணில் ஒரு வாழ்க்கை வாழ்ந்திருக்கிறது.

வாய்தாவை எடுத்துக்கொள்ளுங்கள். அரபு மூலத்தில் அதற்கு வாக்குறுதி என்று பொருள். பணம் கட்டுவதாக வாக்குக் கொடுத்த நாள் என்று ஆகி, பிறகு தவணை என்று ஆகி, கடைசியில் நீதிமன்றத்தில் வழக்கு ஒத்திப்போடப்படும் நாளுக்குப் பெயராகிவிட்டது. ராஜிநாமா என்றால் சம்மதப் பத்திரம். இரு தரப்பும் ஒத்துப்போய்ச் சமாதானம் ஆவதற்கும், குடியானவர் ஒருவர் தம் நிலத்தைத் தாமே விட்டுக்கொடுத்து எழுதித் தருவதற்கும் அதுவே பெயர். இன்று வேலையை விடுவதற்கு மட்டும் பயன்படுத்துகிறோம். ராஜி என்ற பாதி மட்டும் கோர்ட்டு வளாகத்தில் பழைய பொருளோடு உயிர் வாழ்கிறது. அமீன் என்றால் நம்பிக்கைக்குரியவர். நம் கிராமங்களில் அண்டா குண்டாவை ஜப்தி செய்ய வருகிறவராக அமீனா அறிமுகமானதால், அந்தச் சொல்லைக் கேட்டாலே கதவைச் சாத்துகிற நிலை வந்தது. ஜாமீன் முதலில் ஒரு மனிதர். இன்னொருவருக்காகப் பொறுப்பேற்று நிற்பவர். இப்போது அது சிறையிலிருந்து வெளியே வர அளிக்கப்படும் அனுமதியின் பெயர்.

கிழக்கிந்தியக் கம்பெனி வந்தபோது இந்தச் சொற்காட்டில் அவர்களும் திணறினார்கள். ஆனால் சும்மா இருக்கவில்லை. பாராளுமன்றத்துக்குப் போன புகழ்பெற்ற ஐந்தாவது அறிக்கைக்காக சார்லஸ் வில்கின்ஸ் 1813-இல் ஒரு சொற்பட்டியல் தயாரித்தார். 1855-இல் எச்.எச். வில்சனின் நீதி, வருவாய்ச் சொற்களுக்கான பேரகராதி லண்டனில் வெளியானது. அரபு, பாரசீகம், சமஸ்கிருதம், தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம் என்று பல மொழிகளிலிருந்தும் இந்தியா முழுவதும் புழங்கிய சொற்களை அதில் திரட்டியிருந்தார்கள். யாருக்காக? கலெக்டருக்கும் நீதிபதிக்கும். வரி வாங்குகிறவருக்கு அகராதி இருந்தது. வரி கட்டுகிறவருக்கும் கைநாட்டு வைக்கிறவருக்கும் எந்த அகராதியும் செய்து தரப்படவில்லை. சுதந்திரம் வந்து இத்தனை ஆண்டுகள் ஆன பிறகும் சார்பதிவாளர் அலுவலகச் சுவரில் அப்படி ஒன்று தொங்குவதை நான் பார்த்ததில்லை. என் குறை இதுதான்.

வருவாய்த் துறைச் சொற்களில் இருக்கும் குழப்பம் இன்னும் பெரிது. பட்டா கையில் இருந்தால் நிலம் நம்முடையது என்று நம்புகிறவர்களே அதிகம். பட்டா என்பது வருவாய்த் துறைக் கணக்கில் யார் பெயர் பதிவாகியிருக்கிறது, தீர்வை யார் கட்ட வேண்டும் என்பதைக் காட்டும் பதிவு. அது மட்டுமே உரிமை மூலமாகாது என்று நீதிமன்றங்கள் பலமுறை சொல்லிவிட்டன. உரிமையைக் காட்டுவது கிரயப் பத்திரமும் அதற்கு முந்தைய தாய்ப்பத்திரங்களும். சிட்டா, ஒருவர் பெயரில் உள்ள நிலங்களின் விவரம். அடங்கல், கிராம நிர்வாக அலுவலர் எழுதும் சாகுபடிக் கணக்கு. எந்தப் புலத்தில் யார் என்ன பயிர் வைத்தார் என்பது அதில் அடங்கும். இந்தக் கணக்கெல்லாம் பசலி ஆண்டில் ஓடும். பசல் என்றால் அறுவடை. அக்பர் காலத்தில் அறுவடையை ஒட்டி ஏற்படுத்திய இந்த ஆண்டு, நம் மாநிலத்தில் ஜூலை 1-இல் தொடங்கி ஜூன் 30-இல் முடியும். பசலி 1434 என்றால் 2024-25. பசலியோடு 590-ஐக் கூட்டினால் ஆங்கில ஆண்டு கிடைத்துவிடும். இதைத் தெரிந்துகொள்ள ஒரு நிமிஷம் போதும். தெரியாததால் தாலுகா ஆபீசுக்கு நாலு நடை நடக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

புறம்போக்கு என்ற சொல்லுக்கு நேர்ந்தது எனக்கு வேறு எதைவிடவும் வலிக்கிறது. தீர்வை விதிப்புக்குப் புறமாக, அதாவது வெளியே, விடப்பட்ட நிலம் அது. ஏன் வெளியே விட்டார்கள்? ஏரி, குளம், ஓடை, மேய்க்கால், களம், மயானம், வண்டிப்பாதை ஆகியவை எல்லோருக்கும் பொது என்பதால். யாரும் தனியாக வைத்துக்கொள்ள முடியாதது என்பதே அந்தச் சொல்லின் கௌரவம். வரி வருமானத்தையே கண்ணாகப் பார்த்த நிர்வாகத்துக்கு வருமானம் இல்லாத நிலம் பயனற்ற நிலமாகப் பட்டது. நாமும் அந்தக் கண்ணை வாங்கிக்கொண்டோம். உருப்படாதவனைத் திட்டும் வசைச்சொல்லாக அதை ஆக்கினோம். பொது நிலத்தின் பெயரே வசவான ஊரில் ஏரியை ஆக்கிரமிக்கக் கை கூசுமா? 2011-இல் ஜக்பால் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் கிராமப் பொது நிலங்களின் ஆக்கிரமிப்பை அகற்றச் சொன்னபோது, அந்த ஆங்கிலத் தீர்ப்புக்குள் புறம்போக்கு என்ற நம் சொல்லும் இடம்பெற்றது. 2017-இல் பாடகர் டி.எம். கிருஷ்ணா எண்ணூர்க் கழிமுகத்தில் நின்று கபேர் வாசுகி எழுதிய புறம்போக்குப் பாடலைப் பாடினார். ஒரு சொல்லுக்கு மானத்தை மீட்டுத் தர அது நல்ல தொடக்கம்.

பத்திரங்களில் இன்றும் அஷ்டபோகம் என்று எழுதுகிறார்கள். நிலத்தோடு சேர்ந்து வரும் எட்டு வகை அனுபவங்கள்: நிதி, நிக்ஷேபம், ஜலம், பாஷாணம், அக்ஷீணி, ஆகாமி, சித்தம், சாத்தியம். புதையல், புதைத்துவைத்த பொருள், நீர், கல், குறையாமல் இருந்துவரும் பலன், இனி வரப்போகும் பலன், ஏற்கெனவே திருத்தி உண்டாக்கியது, இனி உண்டாக்கக்கூடியது. எழுதித் தருகிற பத்திர எழுத்தர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? பழைய பத்திரத்தைப் பார்த்துப் பெயர்த்து எழுதுகிறார்கள். விற்கிறவர் எதையெல்லாம் விற்கிறோம் என்று அறியாமலே எட்டையும் விற்கிறார்.

யாழ்ப்பாணத்துத் தேசவழமையைப் பார்க்கும்போது எனக்குப் பொறாமையாக இருக்கும். 1707 வாக்கில் டச்சுக்காரர்கள் அந்த மக்களின் வழக்கங்களைத் தொகுத்துச் சட்டமாக்கினார்கள். முன்னோர் வழி வந்த சொத்து முதுசம், பெண்ணுக்குக் கொடுப்பது சீதனம், கணவன் மனைவி வாழ்க்கையில் சேர்த்தது தேடிய தேட்டம். வீட்டுத் திண்ணையில் பேசுகிற சொற்களையே நீதிமன்றத்திலும் பேசினார்கள். ஒரு சொத்துக்கு என்ன பெயர் என்று தெரிந்தால், யாருக்கு அதில் என்ன பங்கு என்றும் தெரிந்துவிடும்.

இங்கே நம் பக்கமும் ஒரு நல்ல உதாரணம் உண்டு. 2003-ஆம் ஆண்டு அதீத வட்டித் தடைச் சட்டம் ஆங்கிலத்தில் எழுதப்பட்டாலும் கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் என்று கடைத்தெருவில் புழங்கும் பெயர்களையே எடுத்து வரையறை கொடுத்தது. சந்தையில் காய்கறிக் கூடையோடு உட்கார்ந்திருக்கிற பெண்ணுக்கு, தன்னை நெருக்குவது எதுவோ அதையே சட்டமும் குற்றம் என்கிறது என்று புரிகிறது. அப்படித்தான் சட்டம் பேச வேண்டும்.

பிறமொழிச் சொற்களை எடுத்துவிட்டுத் தூய தமிழ்ச் சொற்களை வைத்தால் பிரச்சினை தீரும் என்று சிலர் சொல்கிறார்கள். பிணை, பதவி விலகல், வில்லங்கச் சான்று என்று நல்ல சொற்கள் வந்து நிலைத்தும்விட்டன. நான் அதை வரவேற்கிறேன். ஆனால் மாற்றும்போது பொருளைத் தவறவிடக் கூடாது. ஜப்தி என்பதைச் செய்தித்தாள்கள் பறிமுதல் என்று எழுதுகின்றன. கடனுக்காக நீதிமன்றம் ஒரு சொத்தை விற்கவிடாமல் பிடித்துவைப்பது வேறு. அரசே எடுத்துக்கொண்டுவிடுவது வேறு. முதலாவதில் கடனைக் கட்டினால் சொத்து திரும்ப வரும். அதற்குப் பற்றுகை என்று தனிச்சொல் இருக்கிறது. இரண்டையும் ஒன்றாக்கினால், மீட்டுவிடலாம் என்று தெரியாமலே ஒருவர் கைகழுவிவிடுவார். சொல் எந்த மொழியிலிருந்து வந்தது என்பதைவிட, கையெழுத்துப் போடுகிறவருக்கு அதன் பொருளைச் சொன்னோமா என்பதே எனக்கு முக்கியம்.

பதிவுத் துறைக்கு என் கோரிக்கை சிறியது. ஒவ்வொரு பத்திரத்தின் முதல் பக்கத்தில், நிபந்தனை வாசகங்களுக்கெல்லாம் முன்பாக, பெரிய எழுத்தில் ஒரே ஒரு வாக்கியம் வேண்டும். 'இந்தச் சொத்து விற்கப்படுகிறது. பணத்தைத் திருப்பிக் கொடுத்தாலும் சொத்து திரும்ப வராது' என்றோ, 'இந்தச் சொத்து கடனுக்கு ஈடாகக் கொடுக்கப்படுகிறது. கடனைத் தீர்த்தால் திரும்ப வரும்' என்றோ அது இருக்கட்டும். சார்பதிவாளர் அதை வாய்விட்டுப் படித்துக்காட்டட்டும். பதிவுச் சட்டத்தின்படி இப்போது அவர் உறுதிப்படுத்திக்கொள்வது, எழுதிக்கொடுத்தவர் அவர்தானா, எழுதிக்கொடுத்ததை ஒப்புக்கொள்கிறாரா என்பதைத்தான். என்ன எழுதிக்கொடுத்தோம் என்று அவருக்குப் புரிந்ததா என்று கேட்க அந்தச் சட்டம் சொல்லவில்லை. அந்தக் கேள்வியையும் சேர்க்க வேண்டும்.

அன்றைக்குப் பெரியம்மாவிடமும் ஒரே கேள்விதான் கேட்டார்களாம்: "எழுதிக் குடுத்தது நீங்கதானேம்மா?" ஆமாம் என்றாராம். ஆறு மாவும் அந்தக் குடும்பத்துக்குத் திரும்ப வரவே இல்லை.